நீதியரசர் கிருஷ்ணய்யர் பெயரில் சட்டக் கல்விக் கூட்டம்: முதல் ஆண்டுக்கான வழிகாட்டி

பிறந்த நாளான நவம்பர் 15 அன்று படத்துக்கு மாலை, ஒன்றரை மணி நேரம் புகழுரை, தேநீர், குரூப் போட்டோ. ஒரு நீதிபதியின் நினைவை இப்படியும் கொண்டாடலாம். கூட்டம் முடிந்து வீட்டுக்குப் போகிறவர் கையில் மட்டும் எதுவும் இருக்காது. வி.ஆர். கிருஷ்ணய்யர் 1973 முதல் 1980 வரை உச்ச நீதிமன்றத்தில் எழுதிய தீர்ப்புகள் ஜாமீன் கிடைக்காத கொத்தனார், சாக்கடை ஓரத்தில் குடியிருப்பவர், சிறைக்குள் அடிவாங்கும் கைதி ஆகியோர் சம்பந்தப்பட்டவை. அந்தத் தீர்ப்புகளை அதே மாதிரி ஆட்களிடம் கொண்டுபோய்ச் சேர்க்க நினைக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறோம். தமிழ்நாட்டில் ஏதோ ஒரு வட்டத் தலைநகரம், ஐந்தாறு பேர், கையில் பெரிய பணம் இல்லை என்ற நிலையிலிருந்து தொடங்குகிறோம்.

1. பெயரை முதலில் தீர்த்துக்கொள்ளுங்கள்

குடும்பத்தாரிடமிருந்து ஒரு கடிதம் வாங்குங்கள். இறந்தவர் பெயரில் படிப்பு வட்டம் நடத்த அனுமதி வேண்டும் என்று சட்டம் கட்டாயப்படுத்தவில்லை. ஆனால் பின்னால் அவருடைய படம், பேச்சு, புத்தகப் பக்கம் என்று ஒவ்வொன்றாகத் தேவைப்படும்போது அந்தக் கடிதம்தான் கதவைத் திறக்கும். கேரளத்தில் அவர் பெயரில் ஏற்கெனவே அமைப்புகள் இருக்கின்றன. அவற்றோடு குழம்பாதபடி உங்கள் ஊர்ப் பெயரையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பெயரில் ‘தேசிய’, ‘இந்திய அரசு’, ‘ஆணையம்’ போன்ற சொற்கள் வேண்டாம். அரசு ஆதரவு இருப்பது போலத் தோன்றும் பெயர்களை 1950-ஆம் ஆண்டின் சின்னங்கள், பெயர்கள் சட்டம் தடுக்கிறது. பதிவு அலுவலகத்தில் மனு திரும்பி வரும். அதைவிடப் பெரிய தவறு, நோட்டீசின் தலையில் நான்முகச் சிங்கத்தைப் போடுவது. நீதிபதி சம்பந்தப்பட்ட கூட்டம்தானே என்று டிடிபி செய்பவர் தானாகவே சேர்த்துவிடுவார். அரசுச் சின்னத்தைத் தனியார் பயன்படுத்துவது 2005 சட்டப்படி குற்றம். தராசுப் படம் போட்டால் போதும்.

2. பதிவு இந்த ஆண்டே வேண்டுமா?

வேண்டாம் என்பதே எங்கள் கருத்து. முதல் ஆண்டை ஒரு நூலகத்தின் வாசகர் வட்டத்தோடோ கல்லூரியின் நாட்டு நலப்பணித் திட்டத்தோடோ சேர்ந்து நடத்துங்கள். நான்கு கூட்டம் நடத்திய பிறகும் அதே ஐந்து பேர் மிஞ்சியிருந்தால் அப்போது பதிவு செய்யலாம். பதிவுச் சான்றிதழைக் கண்ணாடிச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டிவிட்டு ஒரு கூட்டமும் நடத்தாமல் கலைந்த அமைப்புகள் ஊருக்கு ஊர் உண்டு.

நன்கொடை திரட்டித்தான் ஆக வேண்டும் என்றால் வழி இரண்டு:

*அறக்கட்டளை.* சார்பதிவாளர் அலுவலகத்தில் பத்திரம் பதிய வேண்டும். அறங்காவலர்களின் ஆதார், பான், புகைப்படம், இரண்டு சாட்சிகள், அலுவலக முகவரிக்கு மின்கட்டண ரசீது, வீடு வேறொருவருடையது என்றால் அவர் தரும் தடையில்லாக் கடிதம் ஆகியவை தேவை. முத்திரைத்தாள், பதிவுக் கட்டணம் அவ்வப்போது மாறுவதால் பத்திர எழுத்தர் சொல்லும் தொகையைப் பதிவுத்துறை இணையதளத்தில் ஒருமுறை சரிபாருங்கள்.

*சங்கம்.* 1975-ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி குறைந்தது 7 பேர் வேண்டும். மாவட்டப் பதிவாளரிடம் பதிய வேண்டும். ஆண்டுதோறும் பொதுக்குழு கூட்டி, கணக்கையும் நிர்வாகிகள் பட்டியலையும் தாக்கல் செய்வது கட்டாயம். இதை இரண்டு ஆண்டு விட்டுவிட்டால் பிறகு ஒழுங்குபடுத்துவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும்.

எதுவானாலும் பத்திரத்தில் இரண்டு வாக்கியங்களை விட்டுவிடாதீர்கள். ஒன்று, சாதி, மத வேறுபாடின்றிப் பொதுமக்கள் எல்லோருக்கும் பயன் என்பது. இன்னொன்று, அமைப்பு கலைந்தால் மிச்சச் சொத்து இதே நோக்கமுள்ள வேறொரு அறக்கட்டளைக்குப் போகும் என்பது. இரண்டாவது வாக்கியம் இல்லாத பத்திரத்தோடு வரிவிலக்குக்கு விண்ணப்பித்தால் கேள்வி வரும், திருத்தப் பத்திரம் போட வேண்டியிருக்கும். வருமான வரிச் சட்டம் 2025 என்ற புதுச் சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்ததால் வரிச்சலுகைக்கான பழைய 12ஏ, 80ஜி பிரிவு எண்கள் பேச்சு வழக்கில்தான் மிஞ்சியிருக்கின்றன. விண்ணப்பத்தை ஆடிட்டரிடம் விட்டுவிடுங்கள்.

3. எந்தத் தீர்ப்பு, எந்த வேலைக்கு

முக்கியமான கட்டம் இதுதான், நேரம் எல்லாம் இங்கே போகட்டும். விதி ஒன்றே ஒன்று: ஒரு கூட்டத்துக்கு ஒரு தீர்ப்பு, அந்தத் தீர்ப்பிலிருந்து கேட்பவர் தன் கையால் செய்யக்கூடிய ஒரு வேலை. ‘கிருஷ்ணய்யரின் மனித உரிமைப் பார்வை’ என்று தலைப்பு வைத்தால் வக்கீல்களும் ஓய்வுபெற்ற ஆசிரியர்களும் மட்டும் வருவார்கள். ‘ஜாமீன் கிடைத்தும் ஏன் வெளியே வர முடியவில்லை?’ என்று வைத்துப் பாருங்கள்.

*முதல் கூட்டம்: மோதி ராம் வழக்கு, 1978.* மத்தியப் பிரதேசத்தில் ஒரு கொத்தனார். ஜாமீன் கிடைத்தது, ஆனால் 10,000 ரூபாய்க்கு ஜாமீன்தாரர் கேட்டார் மாஜிஸ்திரேட். தம் சகோதரரை நிறுத்தினார் கொத்தனார். சொத்து வேறு மாவட்டத்தில் இருக்கிறது என்று அவரை ஏற்கவில்லை. உச்ச நீதிமன்றம் 1,000 ரூபாய் சொந்த ஜாமீனில், அதாவது ஜாமீன்தாரர் இல்லாமல் அவரே எழுதித் தரும் பத்திரத்தில், விடச் சொன்னது. வெளி மாவட்ட ஜாமீன்தாரரை அதற்காகவே ஒதுக்கக் கூடாது என்றும் சொன்னது.

இதை இன்றைய சட்டத்தோடு இணைக்க வேண்டிய இடங்கள் மூன்று. ஜாமீனில் விடத்தக்க குற்றத்தில் கைதானவர் ஒரு வாரத்துக்குள் ஜாமீன்தாரரைக் கொண்டுவர முடியவில்லை என்றால் அவரை வசதியற்றவராகக் கருதிச் சொந்த ஜாமீனில் விட வேண்டும் (பிஎன்எஸ்எஸ் என்ற புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம், பிரிவு 478). விசாரணைக் கைதியாகவே அதிகபட்சத் தண்டனையில் பாதிக் காலம் கழித்தவருக்கும், இதற்கு முன் எந்தக் குற்றத்திலும் தண்டனை பெறாதவரானால் மூன்றில் ஒரு பங்கு கழித்தவருக்கும் விடுதலை கேட்கும் வழி உண்டு (பிரிவு 479). மரண தண்டனை, ஆயுள் தண்டனைக் குற்றங்களுக்கு இது பொருந்தாது, பல வழக்குகள் நிலுவையில் இருப்பவருக்கும் சிக்கல். மூன்றாவது, 2023 ஜனவரி 31 அன்று உச்ச நீதிமன்றம் தந்த உத்தரவு: ஜாமீன் கிடைத்தும் ஒருவர் உள்ளேயே இருந்தால் உள்ளூர் ஜாமீன்தாரர் என்ற நிபந்தனையை நீதிமன்றங்கள் விதிக்காமலிருக்கலாம் என்கிறது. கொத்தனார் வழக்குக்கு 45 ஆண்டு கழித்தும் அதையே திரும்பச் சொல்ல வேண்டியிருந்திருக்கிறது. இதைக் கூட்டத்தில் மறைக்காமல் சொல்லுங்கள். தீர்ப்பு வந்துவிட்டால் நடைமுறை மாறிவிடும் என்று யாரும் நம்பிப் போகக் கூடாது.

செய்யும் வேலை: ஜாமீன்தாரர் கொண்டுபோக வேண்டிய தாள்களின் பட்டியலை ஒவ்வொருவரும் எழுதுவது. ரேஷன் கார்டு, ஆதார், வீட்டுவரி ரசீது, புகைப்படம், கோர்ட் கேட்டால் தாசில்தார் தரும் சொத்து மதிப்புச் சான்று. உங்கள் ஊர்க் கோர்ட்டில் என்ன கேட்கிறார்கள் என்று முன்கூட்டியே ஒரு வக்கீல் குமாஸ்தாவிடம் கேட்டுச் சரிசெய்துகொள்ளுங்கள். இந்த விஷயத்தில் சீனியர் வக்கீலைவிட குமாஸ்தாவுக்குத்தான் அதிகம் தெரியும்.

*இரண்டாவது: ஹோஸ்காட் வழக்கு, 1978.* தண்டனை பெற்றவருக்குத் தீர்ப்பு நகலை இலவசமாக, மேல்முறையீட்டுக்கு நேரம் இருக்கும்போதே தர வேண்டும். வசதியில்லாதவருக்கு வக்கீல் தர வேண்டும். கூட்டத்தில் செய்யும் வேலை, இலவசச் சட்ட உதவி மனுவை நிரப்புவது. 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டத்தின் 12-ஆம் பிரிவை வரிசையாகச் சொல்லுங்கள்: பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதி, பழங்குடியினர், மாற்றுத் திறனாளிகள், காவலில் இருப்பவர்கள், தொழில் நிறுவனத் தொழிலாளர்கள், பேரிடரில் பாதிக்கப்பட்டவர்கள். இவர்கள் வருமானச் சான்று தர வேண்டியதில்லை. மற்றவர்களுக்குத்தான் வருமான வரம்பு. ‘என் வீட்டுக்காரர் அரசு வேலையில் இருக்கிறார், எனக்குக் கிடைக்காது’ என்று பெண்கள் தாங்களே ஒதுங்கிவிடுவதுதான் அதிகம். உதவி எண் 15100. அதைப் போர்டில் எழுதிப் போட்டுவிட்டுக் கூட்டத்தைத் தொடங்குங்கள்.

*மூன்றாவது: ரத்லாம் நகராட்சி வழக்கு, 1980.* திறந்த சாக்கடை, நாற்றம், கொசு. நிதி இல்லை என்றது நகராட்சி. அது ஒரு சாக்காகாது என்றது தீர்ப்பு. பொதுத் தொல்லையை அகற்றச் சொல்லும் அன்றைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் (சிஆர்பிசி) 133-ஆம் பிரிவு இன்று பிஎன்எஸ்எஸ் 152. கோட்டாட்சியருக்கு மனு எழுத வைக்கலாம். சரியான இடம் (தெரு, கதவு எண், எங்கிருந்து எதுவரை), எத்தனை நாளாக, தேதி தெரியும் புகைப்படங்கள், ஏற்கெனவே நகராட்சிக்குக் கொடுத்த மனுவின் ஒப்புகை, பத்துக் கையெழுத்து. ஒப்புகை இல்லாமல் போய் நின்றால் ‘முதலில் அங்கே கொடுங்கள்’ என்று திருப்பி அனுப்புவார்கள். நான்கில் அதிகக் கூட்டம் சேருவது இதற்குத்தான்.

*நான்காவது: சுனில் பத்ரா வழக்கு, 1980.* திகார் சிறையில் இன்னொரு கைதி சித்திரவதைக்கு ஆளானதைச் சொல்லி ஒரு கைதி எழுதிய கடிதத்தையே உச்ச நீதிமன்றம் ஆட்கொணர்வு மனுவாக எடுத்துக்கொண்டது. இங்கே செய்யும் வேலை கடிதம் எழுதுவது: யார், எங்கே, எப்போது, என்ன நடந்தது, நேரில் பார்த்தவர் யார், என்ன உதவி வேண்டும். ஆறு வரி போதும்.

கைவிலங்கு குறித்த பிரேம் சங்கர் சுக்லா வழக்கை, 1980, எடுக்க ஆசை வரும். எடுங்கள், ஆனால் கவனமாக. கைவிலங்கு விதிவிலக்காகத்தான் இருக்க வேண்டும் என்றது அந்தத் தீர்ப்பு. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பிஎன்எஸ்எஸ் 43(3) கொலை, பாலியல் வன்முறை, போதைப்பொருள் குற்றங்கள், தப்பியோடியவர், திரும்பத் திரும்பக் குற்றம் செய்பவர் என்று ஒரு பட்டியல் போட்டு, குற்றத்தின் தன்மையைப் பார்த்துக் கைவிலங்கிட அனுமதிக்கிறது. ‘போலீஸ் கைவிலங்கே போடக் கூடாது’ என்று மேடையில் சொல்லி, அதைக் கேட்டவர் ஸ்டேஷனில் போய்ச் சண்டை போட்டால் பொறுப்பு உங்களுடையது.

4. கூட்டத்தில் கொடுக்கும் கையேடு அச்சுக்குப் போகும் முன்

*பதிப்புரிமை.* நீதிமன்றம் தடை விதிக்காத தீர்ப்பை யாரும் வெளியிடலாம்; பதிப்புரிமைச் சட்டம் பிரிவு 52 அதற்கு இடம் தருகிறது. உச்ச நீதிமன்றத்தின் இ-எஸ்சிஆர் தளத்திலிருந்து இலவசமாக இறக்கிக்கொள்ளுங்கள். தனியார் சட்ட இதழ்களிலிருந்து நகல் எடுக்காதீர்கள். அவர்கள் எழுதும் தலைப்புக் குறிப்புகளுக்கும் சில பதிப்பு வேலைகளுக்கும் உரிமை உண்டு என்று 2007-இல் மோடக் வழக்கில் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது.

அவர் எழுதிய புத்தகங்கள், மேடைப் பேச்சுகள் வேறு கணக்கு. ஆசிரியர் இறந்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டு உரிமை. அவர் மறைந்தது 2014 டிசம்பர் 4. எனவே 2074 முடியும் வரை. ‘நாட்டுக்குச் சொந்தமான மனிதர்’ என்பது சட்டப்படி செல்லாது. குடும்பத்தாரிடமும் பதிப்பாளரிடமும் தனித்தனியாகக் கடிதம் வாங்குங்கள், எந்தப் பக்கம், எத்தனை பிரதி, இலவசமா விலைக்கா என்று அதில் எழுதி.

*மொழி.* அவருடைய ஆங்கிலத்துக்கு வக்கீல்களே அகராதி தேடுவார்கள். வரிக்கு வரி மொழிபெயர்த்தால் தமிழில் அது நிற்காது. மோதி ராம் தீர்ப்பில், நம் அரசமைப்புச் சட்டம் யாருக்காக என்று சொல்லும் இடத்தில், ஆங்கிலக் குழந்தைப் பாட்டில் வரும் மூன்று தொழில்காரர்களை அடுக்கி, கூடவே கொத்தடிமையையும் நடைபாதைவாசியையும் சேர்ப்பார். ‘கசாப்புக்காரர், ரொட்டி சுடுபவர், மெழுகுவத்தி செய்பவர்’ என்று தமிழில் எழுதினால் மெழுகுவத்திக்காரர் எங்கிருந்து வந்தார் என்று விழிப்பார்கள். ‘கறிக்கடைக்காரரில் தொடங்கிப் பிளாட்பாரத்தில் படுப்பவர் வரை எல்லோருக்குமான சட்டம்’ என்று கருத்தைச் சொல்லிவிட்டு, இது நேரடி மொழிபெயர்ப்பு அல்ல என்று கீழே ஒரு வரி போடுங்கள்.

*பிரிவு எண்.* பழைய புத்தகங்களில் ஐபிசி, சிஆர்பிசி என்ற பழைய சட்டங்களின் எண்கள்தான் இருக்கும். 133 என்றால் 152. தீர்ப்பு நகல் தரச் சொல்லும் 363 என்றால் 404. இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் அச்சிடுங்கள். பழைய வழக்கு வைத்திருப்பவருக்குப் பழையது தேவைப்படும்.

*அளவு.* ஏ5 அளவில் 24 பக்கம் போதும். பக்க எண்ணிக்கை நான்கின் மடங்காக இல்லாவிட்டால் வெள்ளைப் பக்கம் விழும். 24 பக்கம் என்றால் பிரதிக்கு 6 ஏ4 தாள். 500 பிரதிக்கு 3,000 தாள், அதாவது 6 ரீம். கழிவுக்கு ஒரு ரீம் கூட்டி, அட்டை தனி. எழுத்து 13 புள்ளிக்குக் குறைந்தால் வயதானவர்கள் மடித்து வைத்துவிடுவார்கள்.

5. கடிதங்கள்

மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கும். அதன் செயலாளர் ஒரு நீதிபதி. வட்ட அளவில் குழுவும் உண்டு. கூட்டத்துக்குப் பேனல் வக்கீலையும் (ஆணைக்குழுவின் பட்டியலில் உள்ள வக்கீல்) சட்டத் தன்னார்வலரையும் அனுப்பக் கேட்டு அவருக்குக் கடிதம் எழுதுங்கள். தேதி, நேரம், இடம், எதிர்பார்க்கும் ஆட்கள், எந்தத் தீர்ப்பு, கையேட்டின் மாதிரி ஆகிய ஆறும் ஒரே பக்கத்தில். ‘தங்களுக்கு உகந்த நாளில்’ என்று எழுதினால் கடிதம் ஃபைலிலேயே தூங்கும். இரண்டு தேதி கொடுங்கள். ஒப்புகை முத்திரை வாங்காமல் திரும்பாதீர்கள்.

பள்ளி என்றால் தலைமையாசிரியர் சம்மதம் மட்டும் போதாது, முதன்மைக் கல்வி அலுவலரின் எழுத்துமூல அனுமதி வேண்டும். 9-ஆம் வகுப்புக்கு மேல் எடுங்கள். மாணவர்களை எழுப்பி ‘உங்கள் வீட்டில் இப்படி நடந்திருக்கிறதா?’ என்று ஒருபோதும் கேட்காதீர்கள். அப்படியும் ஒரு குழந்தை பாலியல் தொல்லையைப் பற்றிச் சொல்லிவிட்டால் போக்சோ சட்டப்படி புகார் செய்வது கட்டாயம். ‘பள்ளிக்குள்ளேயே பேசித் தீர்த்துக்கொள்கிறோம்’ என்பதற்கு இடமில்லை. 1098 எண்ணைக் கையில் வைத்திருங்கள், பெயரை யாரிடமும் சொல்லாதீர்கள்.

வக்கீல்கள் பெயரை நோட்டீசில் போடும்போது செல்போன் எண், ‘ஜாமீன் வழக்குகளில் நிபுணர்’ போன்ற அடைமொழி கூடாது. வக்கீல் விளம்பரம் செய்யக் கூடாது என்பது பார் கவுன்சில் விதி. நடவடிக்கை அவர் மேல்தான் பாயும்.

தெருவில் கூட்டம் என்றால் ஒலிபெருக்கிக்கு எழுத்துமூல அனுமதி வாங்குங்கள். இரவு 10 மணிக்கு மேல் கிடையாது. அனுமதி இல்லாத பேனர் வைத்துவிட்டு உள்ளே சட்டம் பேசுவது எப்படி இருக்கும் என்று நீங்களே யோசியுங்கள்.

6. நாள் குறிப்பது

நவம்பர் 9 சட்டப் பணிகள் தினம், 15 அவர் பிறந்த நாள், 26 அரசமைப்புச் சட்ட தினம், டிசம்பர் 4 நினைவு நாள். பார்க்க அழகான வரிசை. ஆனால் நவம்பர் முழுக்க ஆணைக்குழுவுக்கே முகாம் இருக்கும், பேனல் வக்கீல் கிடைக்க மாட்டார். வடகிழக்குப் பருவமழையில் பள்ளி விடுமுறை எந்நேரமும் வரும். டிசம்பரில் அரையாண்டுத் தேர்வு. எனவே பிறந்த நாளன்று ஒரே ஒரு கூட்டம், மழைக்குக் கூரையுள்ள இடத்தில். மற்ற மூன்றை ஜூலை, ஆகஸ்ட், ஜனவரிக்குத் தள்ளுங்கள். நவம்பர் கூட்டத்துக்கான கடிதம் ஆகஸ்டிலேயே போக வேண்டும். தேசிய மக்கள் நீதிமன்றம் நடக்கும் சனிக்கிழமையைத் தவிருங்கள். கூலி வேலை செய்பவர்களுக்கு ஞாயிறு மாலை 5 மணிதான் சரி.

7. கூட்டத்தின் 90 நிமிடம்

வரவேற்பு, படம், மாலை எல்லாம் சேர்த்து 10 நிமிடம். வழக்கின் கதை 15. சட்டம் இன்று என்ன சொல்கிறது என்பதற்கு 15. தாளை நிரப்புவதற்கு 30. மீதி கேள்விகளுக்கு. சிறப்பு விருந்தினர் தாமதமானால் கதையைத் தொடங்கிவிடுங்கள்.

ஜாமீன் கூட்டத்துக்கு ஒரு சீட்டு தயார் செய்யுங்கள்: ‘நீங்கள் கொத்தனார். ஜாமீன் 10,000. அண்ணன் பக்கத்து மாவட்டம். இன்று வெள்ளி, கோர்ட் மூட ஒரு மணி நேரம்.’ நான்கு பேருக்கு ஒரு சீட்டு. தீர்ப்பைச் சொல்வதற்கு முன்னால் ஐந்து நிமிடம் அவர்களே பேசட்டும். யாரிடம் கடன் வாங்குவது, எந்த ஆளைப் பிடிப்பது என்றுதான் முதலில் வரும். மாஜிஸ்திரேட்டிடம் தொகையைக் குறைக்கவோ சொந்த ஜாமீன் கேட்டோ மனு போடலாம் என்று யாருக்கும் தோன்றாது. பிறகு தீர்ப்பைச் சொன்னால் அது ஒட்டிக்கொள்ளும்.

கேள்வி நேரத்தில் ஒருவர் எழுந்து தன் பாகப்பிரிவினை வழக்கை ஆதியோடு அந்தமாகச் சொல்லத் தொடங்குவார். எல்லாக் கூட்டத்திலும் நடக்கும். பின்வரிசையில் ஒரு மேசை போட்டுப் பேனல் வக்கீலை உட்கார வையுங்கள். தனி வழக்கு எல்லாம் அங்கே. மேடையிலிருந்து ஆலோசனை சொல்லக் கூடாது. அசல் ஆவணத்தை யாரிடமிருந்தும் வாங்காதீர்கள், ஜெராக்ஸ் மட்டும் பார்த்துத் திருப்பிக் கொடுங்கள்.

8. பணம்

செலவில் பெரியது அச்சு, அடுத்தது மண்டபமும் மைக்கும். பள்ளி அறை கிடைத்தால் இரண்டாவது குறைந்துவிடும். இரண்டு அச்சகங்களில் விலை கேளுங்கள். சால்வை, நினைவுப் பரிசு ஆகியவற்றுக்கு ஒதுக்கும் தொகையைக் கையேட்டுக்கு மாற்றுங்கள். பேச்சாளர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

வரிச்சலுகை பெற்ற அமைப்பானாலும் 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாக வாங்கினால் கொடுத்தவருக்குச் சலுகை கிடையாது. வெளிநாட்டுப் பணத்தில்தான் பெரும்பாலும் மாட்டிக்கொள்கிறார்கள். சிங்கப்பூரில் இருக்கும் நண்பர் இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருந்தால் அவர் சொந்தப் பணத்தைத் தரலாம். அங்கே குடியுரிமை வாங்கிவிட்டார் என்றால், தமிழரே ஆனாலும், அவர் தருவது வெளிநாட்டு நிதி. எஃப்சிஆர்ஏ (வெளிநாட்டு நிதி ஒழுங்குமுறைச் சட்டம்) பதிவு இல்லாமல் அதை வாங்கினால் குற்றம். அந்தப் பதிவுக்குச் சாதாரணமாக மூன்று ஆண்டு செயல்பாடும் 15 லட்சம் ரூபாய் செலவுக் கணக்கும் கேட்பார்கள். ஆகவே முதல் ஆண்டில் நன்றி சொல்லித் திருப்பி அனுப்பிவிடுங்கள், அல்லது அவரை நேரில் வந்து ஒரு கூட்டத்தில் சீட்டு விநியோகிக்கச் சொல்லுங்கள்.

ஒவ்வொரு கூட்டம் முடிந்த மறுநாளும் ஒரு நோட்டில் நான்கு எண் எழுதுங்கள்: வந்தவர்கள், நிரப்பிய தாள்கள், பின்மேசைக்கு வந்தவர்கள், கையேடு எத்தனை போனது. ஒரு மாதம் கழித்து வட்டச் சட்டப் பணிகள் குழுவில் போய், உங்கள் கூட்டத்தின் பெயரைச் சொல்லி எத்தனை மனு வந்தது என்று கேளுங்கள். அது பூஜ்யம் என்றால் அடுத்த கூட்டத்தில் தலைப்பை மாற்ற வேண்டாம், தாளை நிரப்பும் 30 நிமிடத்தை மாற்றுங்கள்: தாளை நிரப்பியவரைக் கூட்டத்திலிருந்தே ஒரு தன்னார்வலர் திங்கட்கிழமை காலை அலுவலகத்துக்குக் கூட்டிப் போகட்டும்.